கஞ்சமலை ஊரில் இரும்பு கிடைக்காத செடி

கேள்வி:

வணக்கம் தம்பி. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சேலத்தில் மேக்னசைட் சுரங்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. போன கார்த்திகையில் ஆன்லைனில் இரண்டு ப்ளூபெர்ரிச் செடி வாங்கினேன். ஒன்றை என் மாடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை ஏற்காட்டில் இருக்கும் தங்கையிடம் கொடுத்தேன். வரும்போதே காய் இருந்தது, 11 பழம் பறித்தோம். தை வரை நன்றாகத்தான் இருந்தது. மாசியிலிருந்து என் செடியின் கொழுந்து மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. இப்போது இலை ஓரமும் கருகுகிறது. 12 அங்குலத் தொட்டி; செம்மண், தொழு உரம், கொஞ்சம் கோகோபீட் கலந்து வைத்தேன். முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல், வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், ஒரு கைப்பிடி டி.ஏ.பி., பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி எப்சம் உப்பு, எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். தங்கை ஒன்றுமே செய்வதில்லை, அவள் செடி பச்சைப்பசேல் என்று நிற்கிறது. பூத்தும் காய் மட்டும் பிடிக்கவில்லை. சேலம் வெயில்தான் காரணமா? என் செடியைக் காப்பாற்ற முடியுமா? தண்ணீர் தவறாமல் விடுகிறேன். ஆர்.ஓ. மெஷினில் வரும் வேஸ்ட் தண்ணீரைக்கூடக் கொட்டாமல் மாடிச் செடிகளுக்குத்தான் ஊற்றுகிறேன்.

பதில்:

அம்மா, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய நான்கு போட்டோவில் மூன்றாவதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். நுனியில் இருக்கும் மூன்று நான்கு இலைகள் எலுமிச்சம்பழ நிறம். அதன்மேல் பச்சை மையில் மெல்லிய நிப்பால் கோடு இழுத்தது போல நரம்புகள், அவற்றிலிருந்து பிரியும் சின்ன நரம்புகள் வரை தெளிவாகத் தெரிகின்றன. அதே கிளையில் ஒரு சாண் கீழே வந்தால் பழைய இலைகள் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கின்றன. போட்டோவின் மூலையில் தொட்டியின் விளிம்பு கொஞ்சம் தெரிகிறது. அதில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைப் படிவு. அதையும் குறித்துக்கொண்டேன்.

எங்கே மஞ்சள் தொடங்குகிறது என்பதுதான் முதல் துப்பு. தழைச்சத்துப் பற்றாக்குறை என்றால் செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவி புது இலைக்கு அனுப்பும். அதனால் அடி இலை முதலில் வெளுக்கும், நரம்போடு சேர்த்து மொத்தமாக வெளுக்கும். மெக்னீசியம் குறைந்தாலும் அடி இலைதான் முதலில் பாதிக்கும். ஓரம் வெளுத்து, நடுவில் மட்டும் பச்சை தங்கும். இரும்பு அப்படியில்லை. ஓர் இலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அதை அங்கிருந்து கிளப்ப முடியாது. ஆகவே இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தால் அடிபடுவது கொழுந்துதான். உங்கள் செடிக்கு இருப்பது இரும்புப் பற்றாக்குறை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. உங்கள் ஊரிலிருந்து கஞ்சமலை எவ்வளவு தூரம்? மலை முழுக்க இரும்புக்கல். 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பறங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தியதே சேலத்து இரும்புக்கல்லை நம்பித்தான். நீங்கள் தொட்டியில் போட்ட செம்மண் சிவப்பாக இருப்பதற்கும் இரும்புதான் காரணம். இரும்பைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு இந்தச் செடி ஏன் இரும்புக்கு ஏங்குகிறது? அதற்கான பதில் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணீர்.

மண்ணில் இருக்கும் இரும்பு கரைந்தால்தான் வேர் அதை உறிஞ்ச முடியும். கரைவதற்கு மண் புளிப்பாக, அதாவது அமிலமாக, இருக்க வேண்டும். பி.எச். என்று ஒரு அளவு சொல்வார்கள்; 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். பி.எச். ஒரு படி ஏறினால் கரைந்த இரும்பு அயனி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது வேதியியல் கணக்கு. கத்தரி, வெண்டை, மல்லிகை எல்லாம் 7 பக்கத்திலும் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ப்ளூபெர்ரிக்கு 4.5-இலிருந்து 5.5-க்குள் வேண்டும். அதன் வேர் தலைமுடி மாதிரி மெல்லியது. மற்ற செடிகளுக்கு இருக்கும் வேர்த்தூவியும் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சையோடு கூட்டுச் சேர்ந்து இலைமக்கில் பிழைத்த சாதி அது.

இந்தக் குணம் தெரியாமல் தோற்றவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் இதைக் காட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவர முயன்றவர்கள், பாவம், நல்ல வளமான தோட்ட மண்ணில் நட்டு நட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள். 1910 வாக்கில் ஃபிரெடெரிக் கோவில் என்ற தாவரவியலாளர் (ஆமாம், நம் காதுக்குக் கோயில் மாதிரியேதான் கேட்கும்) இதற்குப் புளிப்பு மண்தான் வேண்டும் என்று நிறுவிக் காட்டினார். அப்புறம் நியூ ஜெர்சியில் எலிசபெத் ஒயிட் என்ற அம்மாவும் அவரும் சேர்ந்து வளர்த்த செடிகளின் முதல் விளைச்சல் 1916-இல் சந்தைக்குப் போனது. இன்று கடையில் டப்பாவில் வரும் பழத்துக்கெல்லாம் தொடக்கம் அதுதான். நம் பக்கமும் இதற்கு உறவு உண்டு. நீலகிரிச் சோலைகளில் இதே குடும்பத்துச் செடி ஒன்று இருக்கிறது, அதன் அறிவியல் பெயரிலேயே நீலகிரி இருக்கும். மலைமேல் இருக்கும் புளிப்பு மண்ணில் அது பாட்டுக்கு வளர்கிறது.

சரி, உங்கள் தண்ணீருக்கு வருவோம். உங்கள் வீட்டுப் பக்கம் பூமியிலிருந்து எடுக்கும் வெள்ளைக்கல் மேக்னசைட். மெக்னீசியம் கார்பனேட். அந்தப் பாறையிடுக்கில் ஊறி வரும் போர் தண்ணீரில் மெக்னீசியமும் பைகார்பனேட்டும் கரைந்துதான் இருக்கும். பைகார்பனேட் என்பது வேறொன்றுமில்லை, சோடா உப்பில் இருக்கும் அதே சங்கதி; புளிப்பை முறிக்கும். ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்தால் மேலே ஓடு மாதிரி வெள்ளையாகக் கட்டியிருக்கும் இல்லையா, அது அந்தத் தண்ணீரில் கரைந்திருந்ததுதான். வீட்டு ஆர்.ஓ. மெஷின் பலவற்றில் மூன்று குடம் உள்ளே போனால் ஒரு குடம் நல்ல தண்ணீர், இரண்டு குடம் கழிவு. மூன்று குடத்து உப்பும் கிட்டத்தட்ட முழுதாக அந்த இரண்டு குடத்தில். அதாவது போர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கெட்டி. அதைத்தான் நீங்கள் சிக்கனமாகச் சேர்த்து வைத்து, தினமும், தவறாமல், ப்ளூபெர்ரிக்கு ஊற்றியிருக்கிறீர்கள். மாசியில் மஞ்சள் தொடங்கியதில் ஆச்சரியம் இல்லை. கார்த்திகையில் நர்சரி மண்கட்டியோடு வந்தது, அதில் இருந்த புளிப்பு இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடித்திருக்கிறது.

அந்தக் கழிவுநீரைக் கொட்டாமல் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் கழுவ, வாசல் தெளிக்க ஆகும். இதே ஆர்.ஓ. மெஷினின் இன்னொரு குழாயில் வருகிறதே, குடிக்கிற தண்ணீர், ப்ளூபெர்ரிக்கு அதுதான் வேண்டும்.

நீங்கள் கொடுத்த மருந்துகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. முட்டை ஓடு சுத்தமான கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. அடுப்புச் சாம்பல் அதைவிடக் காரம். டி.ஏ.பி. மண்ணில் கரைந்ததும் முதலில் காரமாகத்தான் வேலை செய்யும்; அதிலிருக்கும் மணிச்சத்து, கிடைக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் பிடித்துக் கட்டிப்போடும். ஒரு கைப்பிடி என்பது 12 அங்குலத் தொட்டிக்கு ரொம்ப அதிகம். இலை ஓரம் கருகுவதும் விளிம்பில் வெள்ளைப் படிவதும் அதன் வேலை, கழிவுநீர் உப்பும் சேர்ந்துகொண்டது. எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட். மேக்னசைட் சுரங்கத்துப் பக்கத்து வீட்டில் மெக்னீசியம் வாங்கிப் போடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. வாழைப்பழத் தோல் தண்ணீரால் கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை, கொசு வராமல் இருந்தால் சரி. ரோஜாவுக்கும் தக்காளிக்கும் இதில் பாதி நல்ல உபசாரம்தான். உங்கள் மாடியில் மற்ற செடிகள் நன்றாக இருப்பதாலேயே இந்தச் செடி உங்களைக் குழப்பியிருக்கிறது.

நானும் இதில் ஏமாந்தவன்தான். ஏற்காட்டில் எங்கள் நாற்றுப்பண்ணை ஊற்றுத் தண்ணீரில் ஓடுகிறது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு வருஷம் கோடைக்கு முன்னால் புதிதாக சிமெண்ட் தொட்டி ஒன்று கட்டி, பத்து நாள் ஆற வைத்துவிட்டு அதிலிருந்து ப்ளூபெர்ரிக்குத் தண்ணீர் எடுத்தோம். ஒரு மாதத்துக்குள் இரண்டு வரிசை மஞ்சள். வேரழுகல் என்று முடிவு கட்டி இரண்டு முறை பூஞ்சைக்கொல்லி ஊற்றினேன். செடி இன்னும் மோசமானது. தண்ணீர் விடும் அக்கா ஒருநாள் கையை நீட்டிக் காட்டி, "இந்தத் தொட்டித் தண்ணியத் தொட்டதிலிருந்து விரல் இடுக்கெல்லாம் வெடிக்குதுங்க" என்றார். காபி தோட்டத்தில் சுண்ணாம்பு தெளித்தால் இப்படித்தான் ஆகும் என்றும் சொன்னார். பி.எச். தாள் வாங்கி நனைத்தேன், கருநீலமாகிவிட்டது. புது சிமெண்டின் சுண்ணாம்பு முழுக்கத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. படித்தவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த அக்கா தண்ணீரைப் பார்த்திருந்தார். அன்றிலிருந்து எந்தச் செடி மஞ்சளானாலும் முதலில் குடத்தைத்தான் கேட்பேன்.

(இதையொட்டி ஒன்று: புதுத் தொட்டிக்கு மாற்றும்போது சிமெண்ட் பூந்தொட்டி வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கும், மலிவாகவும் கிடைக்கும், ஆனால் வேர் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.)

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். உரக்கடையில் அன்னபேதி கேளுங்கள், பெர்ரஸ் சல்பேட் என்றாலும் தருவார்கள். வெளிர் பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது துருப்பிடித்த சரக்கு. ஒரு லிட்டர் ஆர்.ஓ. நல்ல தண்ணீரில் 2 கிராம் அன்னபேதி, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று தரும் சிட்ரிக் அமிலம் அரை கிராம். கலந்த உடனே பயன்படுத்திவிட வேண்டும், நாளைக்கு வைத்தால் பயனில்லை. வெயில் தாழ்ந்த பிறகு, பேரப்பிள்ளைகளின் பெயிண்ட் பிரஷ் ஒன்றை எடுத்து, நன்றாக மஞ்சளான ஓர் இலையின் ஒரு பாதியில் மட்டும் தடவுங்கள். நடு நரம்புக்கு இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவாதது. பக்கத்து இலையை அப்படியே விடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் தடவிய பாதி பச்சை பிடிக்கத் தொடங்கும், சில சமயம் பிரஷ் பட்ட இடம் மட்டும் பொட்டுப் பொட்டாகப் பச்சையாகும். அப்படி ஆனால் இரும்புதான் குறை என்பது உறுதி. ஆகவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேரைப் பார்க்க வேண்டியிருக்கும். டைல்ஸ் மேல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகவே போகாது.

மண்ணையும் சோதிக்கலாம். தொட்டி மேல்மண் ஒரு கரண்டி காயவைத்து, அதில் கொஞ்சம் வினிகர் ஊற்றிக் காதருகே வையுங்கள். சோடா பாட்டில் திறந்தது போல மெல்லிய இரைச்சல் கேட்டால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. நீங்கள் போட்ட முட்டை ஓட்டுக்கே கட்டாயம் கேட்கும். எண்ணிக்கையாகவே வேண்டும் என்றால், ஒரு பங்கு மண், இரண்டு பங்கு ஆர்.ஓ. நல்ல தண்ணீர், கலக்கி அரைமணி நேரம் விட்டு, தெளிந்த தண்ணீரில் பி.எச். தாளை நனையுங்கள். இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமானால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். எனக்கு மண்ணைவிடத் தண்ணீர் முடிவுதான் முக்கியம். அதில் காரத்தன்மை என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள்.

இனி வைத்தியம். இந்த வாரமே செய்ய வேண்டியது, எல்லா உரத்தையும் நிறுத்துவது. அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று வாங்கி, இரண்டு மாலையாகப் பிரித்து, மெதுவாக ஊற்றி அடி ஓட்டை வழியாக ஓடவிடுங்கள். உப்பு கொஞ்சம் கழுவிப் போகும், ஓரம் கருகுவது நிற்கும். சுண்ணாம்பு போகாது. அதற்கு மண்ணையே மாற்றத்தான் வேண்டும். வெயில் உச்சத்தில் மாற்றினால் செடி தாங்காது. ஆனியில் இரண்டு நல்ல மழை பெய்து சூடு தணியட்டும்.

மாற்றும் நாளில் செம்மண் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். தொழு உரமும் வேண்டாம். மக்கிய சாணம் பெரும்பாலும் 7-க்கு மேல்தான் நிற்கும், உப்பும் இருக்கும். பைன் மரப்பட்டைத் துண்டு இரண்டு பங்கு (ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு விற்பவர்களிடம் கிடைக்கும்), பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) இரண்டு பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி இலேசான வெள்ளைக் கல்) ஒரு பங்கு. பீட் மாஸ் விலை அதிகம், அதில் பாதிக்குக் கோகோபீட் போடலாம். ஆனால் கோகோபீட் கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து மூன்று முறை பிழிந்து கொட்டிய பிறகுதான். கோகோபீட் வந்த தேங்காய் நார் ஊறியது எந்தத் தண்ணீரில் என்று நமக்குத் தெரியாது, பல கட்டிகளில் நிறைய உப்பு இருக்கும். கலவையோடு கந்தகத் தூள் ஒரு தேக்கரண்டி. கந்தகத்தை மண் நுண்ணுயிர்கள் தின்று அமிலமாக்க இரண்டு மூன்று மாதமாகும், ஆகவே இன்று போட்டு நாளை பலன் தெரியவில்லை என்று இன்னொரு கரண்டி போட்டுவிடாதீர்கள்.

செடியை எடுக்கும்போது தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. தொட்டியைப் படுக்கவைத்து, சுற்றிலும் தட்டி, மண்கட்டியோடு வழுக்கி எடுங்கள். நல்ல தண்ணீர் இருக்கும் வாளியில் அந்தக் கட்டியை மெல்ல அமிழ்த்தி ஆட்டினால் செம்மண் தானே கரைந்து விழும். உள்ளே நர்சரியிலிருந்து வந்த உருண்டை இருக்கும், பழுப்பாக, பஞ்சு மாதிரி. அதைப் பிய்க்காதீர்கள். அதைச் சுற்றி வெளியே வந்திருக்கும் வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இருந்தால் நல்லது; கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் அந்தப் பகுதியைக் கத்தரித்துவிடலாம். முன்பு இருந்த ஆழத்துக்குமேல் ஒரு விரல்கூடப் புதைக்க வேண்டாம். இந்த வேர் மேலாகத்தான் படரும், மூச்சு முட்டும்.

தண்ணீருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். தினமும் குடிநீரை ஊற்ற மனசு வராது, புரிகிறது. உங்கள் வீட்டு ஏ.சி.யின் குழாயிலிருந்து சொட்டுவதைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது, உப்பே இருக்காது. கோடை ராத்திரி ஒன்றுக்கு இந்தச் செடிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கிடைக்கும். மழைத் தண்ணீர் அதைவிட நல்லது, லேசாகப் புளிப்பே இருக்கும். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மாடியில் 10 சதுர மீட்டருக்குத் தார்ப்பாய் சரிவாகக் கட்டினால், 20 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே ஒரு மழையில் 200 லிட்டர் டிரம் நிறைந்துவிடும். செடிக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்றாலும் நான்கு மாதத்துக்கு வரும். முதல் மழையைப் பிடிக்காதீர்கள், டிரம் வாயில் வலை கட்டுங்கள், இல்லையென்றால் டெங்கு கொசுவை வளர்த்தவர்களாகிவிடுவோம். இதெல்லாம் தீர்ந்த நாளில் மேட்டூர் தண்ணீர் வந்தால் அதை எடுங்கள், போர் தண்ணீருக்கு எவ்வளவோ மேல். போர் தண்ணீர்தான் கதி என்றால் 10 லிட்டருக்கு ஒரு சிறு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு கலந்து, பி.எச். தாளில் 5-க்குப் பக்கம் வருகிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். இது அவசரத்துக்கு மட்டும். மண்ணில் சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும், உப்பு அப்படியே தங்கிவிடும்.

உரம், புது மண்ணில் புதுத் தளிர் பச்சையாக வந்த பிறகு தொடங்கலாம். அம்மோனியம் சல்பேட் லிட்டருக்கு அரை கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. இந்தச் செடிக்குத் தழைச்சத்து அம்மோனியா வடிவத்தில்தான் பிடிக்கும், நைட்ரேட் பிடிக்காது. போகிற போக்கில் அது மண்ணையும் கொஞ்சம் புளிக்கவைக்கும். பொட்டாஷ் கொடுக்க வேண்டுமானால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ், மியூரியேட் வேண்டாம், அதில் குளோரைடு. காபி மண்டி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், நீங்களும் கேட்பீர்கள். டிகாக்‌ஷன் இறங்கும்போதே புளிப்பும் இறங்கிவிடும், மிச்சமிருக்கும் மண்டி கிட்டத்தட்ட நடுநிலைதான். ரோஜாவுக்குப் போடுங்கள்.

இப்போது வெயில். நீங்கள் நினைத்த காரணம் முழுக்கத் தவறில்லை, இரண்டாவது காரணம் அது. தங்கை வீடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், நீங்கள் 280 மீட்டரில். ஆனால் ஒரே கடையில் ஒன்றாக வாங்கிய செடிகளில், வெயில் மட்டும்தான் வித்தியாசம் என்றால் உங்கள் செடியின் இலை காய்ந்து சுருளும், கொழுந்து நரம்பு தெரிய மஞ்சளாகாது. தங்கை ஒன்றுமே செய்யவில்லை என்றீர்கள். சாம்பலும் முட்டை ஓடும் போடாததே அவர் செய்த பெரிய காரியம். காபியும் மிளகும் விளையும் ஏற்காட்டு மண் இயல்பிலேயே புளிப்புப் பக்கம், ஊற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு குறைவு. உங்கள் மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி சித்திரை வெயிலில் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதிக்கும். நாளைக்குப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், எடுக்காமல் பத்து எண்ண முடிகிறதா என்று. முடியவில்லை என்றால் உள்ளே வேர் வெந்துகொண்டிருக்கிறது. ஈரக் கோணிப்பை சுற்றலாம், அல்லது பெரிய வெள்ளைத் தொட்டிக்குள் இந்தத் தொட்டியை இறக்கி இடைவெளியில் நார் அடைக்கலாம். காலை வெயில் பத்தரை பதினொன்று வரை போதும், அப்புறம் 50 சதவீத நிழல்வலை.

பழத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குளிர்நாட்டு வகைகள் பூக்க வேண்டுமானால் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் வேண்டும். தெற்கத்தி வகைகள் என்று குறைந்த குளிரில் ஒப்பேற்றுபவை இருக்கின்றன. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் குளிரே இல்லாத கடலோரத்தில் பிலாக்ஸி என்ற வகையை வைத்து ஏற்றுமதியே செய்கிறார்கள். உங்களுக்கு வந்தது எந்த வகை என்று பையில் சீட்டு ஏதாவது இருந்ததா? நீங்கள் பறித்த 11 பழமும் நர்சரியில் உண்டான பூமொட்டின் பலன், சேலத்தில் உண்டானவை அல்ல. சேலம் மாடியில் நான் சொன்னபடி செய்தால் செடி பிழைக்கும், பச்சையாக நிற்கும், குறைந்த குளிர் வகையாக இருந்தால் அவ்வப்போது ஒரு கைப்பிடி பழமும் தரலாம். வாளி நிறைய என்று நான் ஆசை காட்ட மாட்டேன். நானாக இருந்தால் செடி தேறியதும் ஏற்காட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்தத் தொட்டியில் மல்பெரி வைப்பேன். இதே தண்ணீரில், இதே வெயிலில், முட்டை ஓட்டையும் ரசித்துத் தின்றுவிட்டு வருடம் பல முறை காய்க்கும். முடிவு உங்களுடையது. இத்தனை நாள் பார்த்த செடியை விட மனசு வராது என்றால் அதையும் குறை சொல்ல மாட்டேன்.

கடைசியாகத் தங்கையின் செடி. அதன் பூ தலைகீழாகத் தொங்கும் சின்னக் குடம் மாதிரி இருக்கும். மகரந்தம் வெளியே உதிராது, குழல் போன்ற பைக்குள் இருக்கிறது, நுனியில் ஊசித்துளை. கத்தரிப் பூவும் இப்படித்தான். உடலில் நீலக்கோடு போட்ட தேனீ மாதிரி சில தேனீக்கள் பூவைக் கட்டிப்பிடித்து ரீங்காரம் இடும்போது அந்த அதிர்வில் மகரந்தம் உப்பு டப்பாவிலிருந்து கொட்டுவது போலக் கொட்டும். சாதாரணத் தேனீயால் அப்படி அதிரவைக்க முடியாது. கறுப்புத் தச்சன் வண்டு இன்னும் மோசம், குடத்தின் பக்கவாட்டில் கீறித் தேனைத் திருடிக்கொண்டு போய்விடும். பூவின் பக்கவாட்டில் கீறல் இருக்கிறதா என்று தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி டூத்பிரஷ் வீட்டில் இருந்தால், காலை பத்து மணிவாக்கில், ஓடவிட்டு அதன் முதுகை ஒவ்வொரு பூக்காம்பிலும் இரண்டு விநாடி தொடச் சொல்லுங்கள். கீழே கறுப்புத் தாள் பிடித்தால் வெளிர் மஞ்சள் பொடி விழுவது கண்ணுக்கே தெரியும். பூக்கும் நாளெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் காய் பிடிக்கும்.

வேறு வகைச் செடி ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். உங்கள் செடியை மேலே அனுப்பினால் அந்தக் குறையும் தீருமா என்று கேட்டால், இரண்டும் ஒரே வகை என்றால் தீராது. அதனால்தான் அந்தச் சீட்டைக் கேட்டேன். கிடைத்தால் அதையும், பிரஷ் தடவிய இலையின் போட்டோவையும் பத்து நாள் கழித்து அனுப்புங்கள்.